48 எப்படி 46 ஆனது: மனிதக் குரோமோசோம் எண்ணிக்கை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மனித உடல் செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள் உள்ளன. உயிரியல் படித்த எந்த மாணவரும் யோசிக்காமல் சொல்லும் விடை இது. ஆனால் 1956-க்கு முந்தைய பாடநூல்களை வைத்துத் திருத்தினால் இந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்காது. அவற்றில் இருந்த எண் 48. 1953-ல் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானபோதுகூட மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கை 48 என்றே நம்பப்பட்டது. மூலக்கூறின் வடிவம் வரை போய்விட்டார்கள், நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டியது மட்டும் தவறாகவே இருந்தது.

எண்ணியவர்கள் அரைகுறையானவர்கள் அல்ல, அவர்களுடைய நுண்ணோக்கிகளும் நல்லவைதான். பிறகு ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு குரோமோசோம்கள் கூடுதலாகவே இருந்தன? ஒரு செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸின் நான்கு நிலைகளைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு முதலில் இந்த நிகழ்வைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. தவறு நுழைந்த இடம், அது திருந்திய வழி இரண்டுமே அந்த நான்கு நிலைகளுக்குள்தான் இருக்கின்றன.

செல் எப்போது காட்டுகிறது

ஒரு செல்லை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் பெரும்பாலும் குரோமோசோம் தெரியாது. உட்கரு தெரியும், அதற்குள் மங்கலான ஒரு பரப்பு தெரியும், அவ்வளவுதான். மனிதச் செல் ஒன்றின் டிஎன்ஏ முழுவதையும் நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள உட்கருவுக்குள் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. இது இடைநிலை. செல் தன் அன்றாட வேலையைச் செய்வதும், வளர்வதும், டிஎன்ஏவை இரட்டிப்பாக்குவதும் இந்த நிலையில்தான். இடைநிலையைச் செல் ஓய்வெடுக்கும் நேரம் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பிரிதலுக்கு வேண்டிய மிக முக்கியமான வேலை, அதாவது டிஎன்ஏ நகலெடுப்பு, அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிரியத் தொடங்கும்போதுதான் இழைகள் சுருண்டு தடிக்கின்றன. இது புரோஃபேஸ். அப்புறம் உட்கரு உறை கலைகிறது, கதிர்கோல் இழைகள் குரோமோசோம்களைப் பிடித்துச் செல்லின் நடுத் தளத்துக்குக் கொண்டுவருகின்றன. இது மெட்டாஃபேஸ். அனாஃபேஸில் ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் துருவங்களுக்கு இழுக்கப்படுகின்றன. டீலோஃபேஸில் இரண்டு புதிய உட்கருக்கள் உருவாகி, குரோமோசோம்கள் மறுபடி தளர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. வளர்ப்பு ஊடகத்தில் உள்ள மனிதச் செல் ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 24 மணி நேரம் எடுக்கும் என்றால், இந்த நான்கு நிலைகளும் சேர்ந்து சுமார் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எண்ணுவதற்கு ஏற்ற நிலை மெட்டாஃபேஸ். குரோமோசோம்கள் அதிகபட்சம் தடித்து, தனித்தனி உருவங்களாக இருப்பது அப்போதுதான். ஆனால் அதே நிலையில்தான் அவை ஒரே தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டும் நிற்கின்றன. தெளிவும் நெரிசலும் சேர்ந்தே வருவதுதான் இந்த நிகழ்வின் மையச் சிக்கல்.

வால்தர் ஃபிளெமிங் 1879 முதல் 1882 வரை மைட்டாசிஸின் நிலைகளை வரிசைப்படுத்தியபோது சாலமாண்டர் லார்வாக்களின் செல்களைப் பயன்படுத்தினார். நல்ல தேர்வு அது. அந்த விலங்குக்குக் குரோமோசோம்கள் 24 மட்டுமே, ஒவ்வொன்றும் பெரியது. மனிதச் செல்லில் எண்ணிக்கை அதிகம், உருவமோ சிறியது. ஃபிளெமிங்குக்குக் கைகொடுத்த வழி மனிதச் செல்லுக்குப் போதவில்லை.

48 வந்த வழி

பிரிந்துகொண்டே இருக்கும் மனிதச் செல்கள் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ஆய்வாளர்கள் போன இடம் விந்தகம். விந்தணுக்கள் தொடர்ந்து உருவாவதால் அங்கே எந்த நேரத்திலும் பிரிதல் நடந்துகொண்டிருக்கும். 1912-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபான் வினிவார்ட்டர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்று அறிவித்தார். பாலினக் குரோமோசோம்களில் ஆணுக்கு ஒரே ஒரு X மட்டும், Y கிடையாது என்பது அவருடைய கணக்கு.

அடுத்து வந்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்டர். மனித ஆணுக்கு Y உண்டு என்பதை அவர் சரியாகவே நிறுவினார். எண்ணிக்கையில்தான் தடுமாற்றம். 1921-ல் அவர் எழுதியதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: தன் செல்களில் 45 முதல் 48 வரை எண்ணிக்கை மாறி வருகிறது, மிகத் தெளிவான தளங்களில் 46 மட்டுமே கிடைத்திருக்கிறது. இவ்வளவையும் பதிவு செய்தவர், மேலும் பார்த்த பிறகு 1923-ல் 48 என்று முடிவுக்கு வந்தார். சரியான எண் அவருடைய மேசையில், அவருடைய மிகச் சிறந்த செல்களிலேயே இருந்தது.

இது கவனக்குறைவு அல்ல என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய முறையைப் பார்க்க வேண்டும். திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் தெரிவதைக் கையால் வரைவார்கள். கத்தி செல்லின் குறுக்கே போகும்போது ஒரு குரோமோசோம் இரண்டு துண்டாகலாம். அப்போது எண்ணிக்கை கூடும். ஒரு பகுதி அடுத்த சீவலோடு போய்விட்டால் குறையும். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தாலும் குறையும். நூல்கண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிவிட்டு, அதில் எத்தனை நூல்கள் இருந்தன என்று வெட்டிய முகத்தைப் பார்த்துச் சொல்வது போன்ற வேலை இது.

விந்தகம் என்பதும் தனியாக ஒரு சிக்கல். அங்கே இரண்டு வகைப் பிரிதல் அருகருகே நடக்கிறது. விந்துத் தாய்ச் செல்கள் தம் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வது மைட்டாசிஸ் மூலம். அவற்றிலிருந்து வரும் விந்து முன்செல்கள் குன்றல் பகுப்பில், அதாவது மியாசிஸில் இறங்குகின்றன. மியாசிஸின் முதல் பகுப்பில் தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து நிற்கும். அப்போது எண்ணினால் 46 வராது, 23 இணைகள் வரும். ஆண் செல்லில் X, Y இரண்டும் நுனியில் மட்டுமே ஒட்டியிருக்கும். அந்தப் பிடி விட்டுப்போன செல்லை எண்ணினால் 24 உருவங்கள் தெரியும். 24 இணைகள் என்று எடுத்துக்கொண்டு இரண்டால் பெருக்கினால் 48.

பெயின்டருக்குப் பிறகு எண்ணியவர்களும் 48-ஐயே கண்டார்கள். சந்தேகத்துக்குரிய ஒரு புள்ளியை ஒன்றாக எடுப்பதா இரண்டாக எடுப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில், எதிர்பார்க்கும் எண் கையைப் பிடித்து இழுக்கிறது. 46 வரும்வரை எண்ணியவர் இன்னும் இரண்டைத் தேடுவார். 48 வந்தவுடன் நிறுத்திவிடுவார்.

எதை எண்ண வேண்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். மெட்டாஃபேஸ் குரோமோசோம் படத்தில் X வடிவில் தெரிகிறது. இரண்டு குரோமாட்டிட்கள், நடுவில் அவை சேரும் இடமான சென்ட்ரோமியர். அப்படியானால் இது ஒரு குரோமோசோமா, இரண்டா?

ஒன்றுதான். எண்ண வேண்டியது சென்ட்ரோமியர்களை. இடைநிலையில் டிஎன்ஏ இரட்டித்த பிறகு செல்லில் டிஎன்ஏவின் அளவு இரண்டு மடங்காகிறது. ஆனால் இரண்டு நகல்களும் ஒட்டியே இருப்பதால் குரோமோசோம் எண்ணிக்கை 46 ஆகவே இருக்கும், குரோமாட்டிட்கள் 92. அனாஃபேஸ் தொடங்கி ஒட்டு விட்டதும் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் ஆகிவிடுகிறது. அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும், இன்னும் இரண்டாகாத அந்தச் செல்லில் 92 குரோமோசோம்கள் இருக்கும், துருவத்துக்கு 46 வீதம். செல் இரண்டானதும் இரண்டிலும் 46.

டிஎன்ஏ அளவு, குரோமாட்டிட் எண்ணிக்கை, குரோமோசோம் எண்ணிக்கை மூன்றும் வெவ்வேறு நேரத்தில் மாறுகின்றன. இதை மூன்று தனி வரிசைகளாக எழுதிப் பார்க்காமல் மனக்கணக்காகச் செய்பவர்கள் மியாசிஸுக்குப் போனதும் வழி தவறிவிடுகிறார்கள். மியாசிஸின் முதல் பகுப்பில் பிரிவது இணைகள், குரோமாட்டிட்கள் அல்ல. அதனால் முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு குரோமாட்டிட்கள். அவை பிரிவது இரண்டாம் பகுப்பில்.

நெரிசலைக் கலைத்த மூன்று வழிகள்

மெட்டாஃபேஸின் நெரிசலைக் கலைக்க மூன்று வழிகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தன.

முதலாவது, சீவலை விட்டுவிட்டு முழுச் செல்லையே நசுக்கிப் பரப்புவது. தாவர ஆய்வாளர்கள் 1920-களிலேயே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். செல்லைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகட்டின் மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குரோமோசோம்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கத்தி இல்லாததால் வெட்டுப்படுவதும் இல்லை.

இரண்டாவது, கொல்சிசின். கொல்ச்சிக்கம் என்ற செடியிலிருந்து எடுக்கப்படும் நஞ்சு இது. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும்கூட உண்டு. கதிர்கோல் இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கொல்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொள்வதால் இழை கட்டப்படுவதில்லை. இழை இல்லாமல் அனாஃபேஸுக்குப் போக முடியாது. பிரியத் தொடங்கும் செல்கள் எல்லாம் மெட்டாஃபேஸ் வாசலிலேயே வந்து தேங்கிவிடும், பார்ப்பதற்கும் நிறையச் செல்கள் கிடைக்கும். குரோமோசோம்கள் இன்னும் சுருங்கித் தடிப்பது கூடுதல் லாபம். ஸ்வீடனின் லண்ட் நகரில் ஆல்பர்ட் லெவான் 1938-லேயே வெங்காய வேரில் கொல்சிசினின் இந்த விளைவை விரிவாக விவரித்திருந்தார்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் டி. சி. ஷு வளர்ப்புச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் குரோமோசோம்கள் அழகாக விலகிப் பரவிக் கிடந்த தகடுகள் கிடைத்தன. மறுபடி செய்தால் வரவில்லை. அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி, மாதக்கணக்கில் சோதித்தார். கடைசியில் பிடிபட்டது: செல்களைக் கழுவும் உப்புக் கரைசல் ஒருமுறை நீர்த்துப்போய்த் தயாராகியிருக்கிறது. உப்பு குறைந்த கரைசலில் சவ்வூடுபரவலால் நீர் செல்லுக்குள் போகும், செல் வீங்கும், குரோமோசோம்கள் தள்ளித் தள்ளி நிற்கும். தற்செயலாக நடந்த ஒன்றை முறையாக மாற்றியது அவருடைய பொறுமை. 1952-ல் அதை வெளியிட்டார்.

ஆனால் அந்த அருமையான படங்களை வைத்துக்கொண்டும் அவர் எழுதிய எண்ணிக்கை 48. முறை சரியாகிவிட்டது, எதிர்பார்ப்பு அப்படியே இருந்தது.

லண்ட், டிசம்பர் 1955

ஜோ ஹின் சியோ 1919-ல் ஜாவாவில் பிறந்தவர், வேளாண்மை படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியச் சிறைமுகாமில் இருந்தார். போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்து, ஸ்பெயினின் சரகோசாவில் தாவரக் குரோமோசோம்களில் வேலை செய்தார். விடுமுறைக் காலங்களில் லண்டுக்குப் போய் லெவானின் ஆய்வகத்தில் உழைப்பது அவர் வழக்கம்.

மேலே சொன்ன மூன்று வழிகளும் அங்கே ஒன்றுசேர்ந்தன. மனிதக் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, கொல்சிசின் கொடுத்து, நீர்த்த கரைசலில் வீங்கவைத்து, ஓர்சின் சாயமேற்றி, நசுக்கிப் பரப்பினார்கள். 1955 டிசம்பர் 22 அன்று சியோ எண்ணிப் பார்த்தபோது வந்தது 46. மறுபடி எண்ணினாலும் 46. நான்கு கருக்களிலிருந்து 22 வளர்ப்புகள், மொத்தம் 261 மெட்டாஃபேஸ் செல்கள் வரை பார்த்த பிறகே எழுதினார்கள். 1956-ல் கட்டுரை வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்பே ஸ்வீடனில் ஏவா ஹான்சன்-மெலாண்டர், இங்வே மெலாண்டர், ஸ்டிக் குல்லாண்டர் மூவரும் கருவின் கல்லீரல் செல்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்ப 46 தான் வந்திருக்கிறது. மீதி இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ஆய்வைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். சரியான விடை கையில் இருந்தும், அது தங்கள் தயாரிப்பின் குறை என்று நினைத்துவிட்டார்கள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதிக்கும் பகுதி இது. அவர்கள் நேர்மையாளர்கள். எண்ணைத் திரித்து 48 ஆக்கவில்லை. இதை மறைக்காமல் தங்கள் கட்டுரையிலேயே பதிவு செய்த சியோவையும் லெவானையும் அதற்காகவே மதிக்கிறேன்.

சியோவும் லெவானும் முடிவைச் சொன்ன விதத்தையும் கவனிக்க வேண்டும். மனிதனின் குரோமோசோம் எண் 46 என்று பொதுமைப்படுத்த விரும்பவில்லை, ஆனால் தங்கள் செல்களில் கண்டதற்கு அதுவே இயல்பான விளக்கம், அதைத் தவிர்ப்பது கடினம் என்ற பொருளில் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது நுரையீரல் செல்கள் மட்டுமே. இனப்பெருக்கச் செல்களில் வேறு எண் இருந்துவிட்டால்? அந்தக் கேள்விக்கு அதே 1956-ல் இங்கிலாந்தின் சார்லஸ் ஃபோர்டும் ஜான் ஹேமர்ட்டனும் பதில் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது பெயின்டர் பார்த்த அதே திசு, விந்தகம். மியாசிஸ் செல்களில் 23 இணைகள் தெளிவாக இருந்தன.

எண் சரியானதும் திறந்த கதவு

இரண்டு குரோமோசோம் வித்தியாசம் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலையான டவுன் நிலையை (Down syndrome) எடுத்துக்கொள்வோம். ஜான் லாங்டன் டவுன் அதை 1866-ல் விவரித்தார். நெதர்லாந்துக் கண் மருத்துவர் வார்டன்பர்க், குரோமோசோம் பிரிவதில் ஏற்படும் பிழை காரணமாக இருக்கலாம் என்று 1932-லேயே சொல்லியிருந்தார். சோதித்துப் பார்க்க வழியில்லை. பாரிஸில் மார்த் கோத்தியே தன் முயற்சியில் செல் வளர்ப்புக் கூடத்தை உருவாக்கி, டவுன் நிலை உள்ள குழந்தைகளின் செல்களில் 47 குரோமோசோம்களைக் கண்டார். ஜெரோம் லெஜுன், கோத்தியே, ரேமோன் துர்ப்பான் மூவரின் பெயரில் 1959 ஜனவரியில் அது வெளியானது. கோத்தியேயின் பங்கு நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தது, அவர் பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இயல்பான எண் 48 என்ற நம்பிக்கை இன்னும் இருந்திருந்தால், அந்த 47 எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும்? ஒன்று குறைகிறது என்று. உண்மையில் ஒன்று கூடியிருக்கிறது. குறைந்ததற்கான காரணத்தைத் தேடி ஒரு தலைமுறை வேறு பக்கம் போயிருக்கும்.

கூடிய அந்த ஒன்று 21-ஆவது குரோமோசோம். பெரும்பாலும் இது மியாசிஸில் இணை பிரியாமல் போவதால் நேர்கிறது. ஒரு துருவத்துக்கு இரண்டும் போய்விட, 24 குரோமோசோம்கள் உள்ள கருமுட்டை உருவாகி, 23 உள்ள விந்தணுவோடு சேர்ந்து 47 ஆகிறது. கருமுட்டையில் இது ஏன் அதிகம்? பெண் கருவாக இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கி, முதல் புரோஃபேஸில் நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பிறகு ஒவ்வொன்றாக முதிரும்போதுதான் மேலே போகின்றன. இடையில் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் போகலாம். தாயின் வயது கூடும்போது வாய்ப்பும் கூடுவதற்கு, அத்தனை காலமும் இணைகளைப் பிடித்து வைத்திருக்கும் புரதப் பிணைப்பு தளர்வது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

அதே 1959-ல் பெண்களில் காணப்படும் டர்னர் நிலையில் ஒற்றை X மட்டும் இருந்து 45 ஆவதும், ஆண்களில் காணப்படும் கிளைன்ஃபெல்டர் நிலையில் XXY ஆக 47 வருவதும் தெரிந்தன. 1960-ல் டென்வரில் ஆய்வாளர்கள் கூடி, பாலினக் குரோமோசோம்கள் தவிர்த்த மற்ற இணைகளுக்கு அளவின் வரிசைப்படி 1 முதல் 22 வரை எண் கொடுத்தார்கள். பின்னாளில் 21, 22-ஐ விடச் சிறியது என்று தெரியவந்தது. ஆனால் டவுன் நிலையோடு 21 என்ற எண் அழுத்தமாக இணைந்துவிட்டதால் யாரும் மாற்றவில்லை.

வகுப்பறையில் இதை எப்படி வைப்பது

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மட்டும் போவதைவிட, மாணவர்களை அதே நெருக்கடியில் நிறுத்துவது நல்லது. வெங்காய வேர்நுனி போதும். அதில் குரோமோசோம்கள் 16 மட்டுமே, அளவும் பெரியது. வேர்நுனியை அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் சூடாக்கி, நசுக்கி, நுண்ணோக்கியில் வையுங்கள். முதலில் எத்தனை செல்கள் இடைநிலையில் இருக்கின்றன, எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். பிரிதல் எவ்வளவு குறுகிய காலம் என்பது அந்த விகிதத்திலேயே தெரிந்துவிடும். பிறகு மெட்டாஃபேஸில் உள்ள ஒரு செல்லைத் தேர்ந்து குரோமோசோம்களை எண்ணச் சொல்லுங்கள்.

16 என்ற எண்ணை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. பாடநூலும் மூடியிருக்கட்டும். ஒவ்வொருவரும் தனியாக எண்ணி, தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாமல் கொடுக்கட்டும். 14, 15, 16, 17 என்று கலந்து வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, 15 என்று எழுதியவரின் செல்லை மறுபடி நுண்ணோக்கியில் வைத்து, எந்த இரண்டு குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கின்றன என்று தேடச் சொல்லலாம். 17 என்று எழுதியவரின் செல்லில், ஒரே குரோமோசோமின் இரண்டு கைகளைத் தனித்தனியாக எண்ணிவிட்டாரா, பக்கத்துச் செல்லிலிருந்து ஒன்று நழுவி வந்திருக்கிறதா என்று சென்ட்ரோமியரைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.